குழந்தையின் கல்லீரல் கட்டியைக் கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்டில் பார்ப்பது எப்படி?

கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்டில் முதல் ஒரு நிமிடம்தான் முக்கியம். நுண்ணிய வாயுக்குமிழிகள் கொண்ட கான்ட்ராஸ்ட் மருந்து ரத்தநாளத்துக்குள் போன பிறகு யோசிக்க நேரம் கிடைக்காது. அதனால் பாதிக்கு மேற்பட்ட வேலையை ஊசிக்கு முன்பே முடித்துவிடுங்கள். என் ஸ்கேன் அறைக்கு வரும் ஜூனியர் டாக்டர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

எம்ஆர்ஐ என்றால் சின்னக் குழந்தைக்குப் பெரும்பாலும் மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். இதில் குழந்தை விழித்தபடி அம்மா மடியிலேயே இருக்கலாம். கதிர்வீச்சு இல்லை. குமிழிக்குள் இருக்கும் சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளூரைடு வாயு மூச்சுவழியே வெளியேறிவிடும். சிறுநீரகத்துக்கு வேலையே இல்லை. அமெரிக்காவில் குழந்தைகளின் கல்லீரலுக்கு 2016இல் இந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது. ஆஃப்-லேபிளாக, அதாவது அனுமதியில் குறிப்பிடாத பயன்பாட்டுக்கு, பயன்படுத்தும் இடங்களில் பெற்றோரிடம் அதைத் தெளிவாகச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். மருந்தில் சேர்ந்திருக்கும் பாலிஎத்திலீன் கிளைக்காலால் அலர்ஜி உண்டா என்றும் மறக்காமல் கேளுங்கள்.

முதலில் சாதாரண ஸ்கேனும், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளரும் செய்து கல்லீரல் முழுவதையும் பாருங்கள். கட்டி எங்கே, எத்தனை, எந்தக் கட்டியைக் குறிவைப்பது என்று முடிவு செய்யுங்கள். இரண்டு வயதுக் குழந்தையிடம் "மூச்சைப் பிடி" என்று சொல்லிப் பயனில்லை. வயிற்றில் வைக்கும் ஸ்கேன் கருவியான ப்ரோபை நெடுக்குவாட்டில் வையுங்கள். கல்லீரல் மூச்சோடு மேலும் கீழும் நகரும்போது கட்டியும் அதே தளத்துக்குள்ளேயே நகரும், படத்தை விட்டுப் போகாது. குறுக்குவாட்டில் வைத்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் கட்டி காணாமல் போகும். ஒலியலையின் அழுத்தத்தைக் குறிக்கும் மெக்கானிக்கல் இண்டெக்ஸ் 0.1-க்குக் கீழே இருக்கட்டும். அதற்கு மேல் போனால் குமிழிகள் உடையும். சாதாரணப் படமும் கான்ட்ராஸ்ட் படமும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மருந்து. 25 மில்லிகிராம் பவுடரில் 5 மில்லி சலைன் விட்டு 20 விநாடி நன்றாகக் குலுக்க வேண்டும். பால்போல் வெள்ளையாக வரும். கொஞ்ச நேரம் வைத்திருந்தால் குமிழிகள் மேலே மிதந்துவிடும். சிரிஞ்சில் எடுக்கும் முன் மறுபடி கலக்குங்கள். அளவு கிலோவுக்கு 0.03 மில்லி, ஒரு ஊசிக்கு அதிகபட்சம் 2.4 மில்லி. பத்துக் கிலோ குழந்தைக்கு வெறும் 0.3 மில்லி! அவ்வளவு கொஞ்சம் என்பதால் ட்யூபிலேயே தங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். த்ரீ-வே என்னும் மூன்று வழி இணைப்பில் மருந்து நேர்வழியாகப் போகட்டும், சலைன் பக்கவழியாக வரட்டும். ரத்தநாளத்தில் செருகிய மெல்லிய கனுலா குழாயில் வேகமாக அழுத்தினாலும் குமிழி உடையும்.

சலைன் தள்ள ஆரம்பித்ததும் டைமரைப் போடுங்கள், வீடியோ பதிவும் ஓடட்டும். முதல் 60 விநாடி ப்ரோபை அசைக்காதீர்கள். தமனி வழியே மருந்து 10 முதல் 20 விநாடிக்குள் வந்துவிடும், குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரமே வரலாம். இதைத்தான் தமனிக் கட்டம் என்கிறோம். நிமிடம் தாண்டியதும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் பார்த்தால் போதும், குமிழிகள் மிஞ்சும். நான்கைந்து நிமிடம் வரை பாருங்கள்.

ரத்தநாளக் கட்டியான ஹீமஞ்சியோமா ஓரத்தில் திட்டுத்திட்டாக ஒளிர்ந்து உள்நோக்கி நிரம்பும். சிஸ்டுக்குள் (நீர்க்கட்டிக்குள்) எதுவும் ஏறாது. கொழுப்புத் திட்டு சுற்றியுள்ள கல்லீரலைப் போலவே எல்லாக் கட்டத்திலும் தெரியும்.

எனக்கு மனசுக்கு நெருக்கமானது ஃபோகல் நாடுலர் ஹைப்பர்பிளேசியா. புற்றுநோய்க்குக் கீமோ முடித்துச் சில வருடம் ஆன பிள்ளைக்கு ஃபாலோ-அப் ஸ்கேனில் புதுக்கட்டி ஒன்று தெரிந்தால் பெற்றோர் உடைந்துபோவார்கள். அந்தக் கட்டி நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரம்போல் வெளிநோக்கி ஒளிர்ந்து, கடைசிவரை மங்காமல் நின்றால், அது பெரும்பாலும் இந்தத் தீங்கற்ற கட்டிதான். பிள்ளை மேசையை விட்டு இறங்குவதற்குள் அந்தத் தாய்க்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல முடிகிறது. பயாப்சி ஊசியையும் பலமுறை தவிர்க்கலாம்.

தமனிக் கட்டத்தில் ஒளிர்ந்து பிறகு சுற்றியுள்ள கல்லீரலைவிடக் கறுத்துப்போவதை வாஷ்-அவுட் என்கிறோம். குழந்தைகளின் கல்லீரல் புற்றுநோயான ஹெப்பட்டோபிளாஸ்டோமாவும், வேறிடத்திலிருந்து பரவிய புற்றுநோயான மெட்டாஸ்டாஸிஸும் இப்படித்தான் நடந்துகொள்ளும். ஒரு நிமிடத்துக்குள்ளேயே கறுத்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஆனால் கைக்குழந்தைகளின் ஹீமஞ்சியோமாவிலும் சில சமயம் வாஷ்-அவுட் தெரியும். எனவே அதை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று எழுதிவிடாதீர்கள். வயதையும், ரத்தத்தில் ஏஎஃப்பி என்ற புரதத்தின் அளவையும் சேர்த்துப் பாருங்கள். பச்சிளம் குழந்தைக்கு ஏஎஃப்பி இயல்பாகவே மிக அதிகம் என்பதால், அந்தந்த மாத வயதுக்குரிய அளவோடு ஒப்பிட வேண்டும்.

சந்தேகம் தீராவிட்டாலோ, புற்றுநோய் என்றே தெரிந்தாலோ எம்ஆர்ஐ அவசியம். ஒரு ஊசியில் தமனிக் கட்டத்தை ஒரே இடத்தில்தான் பார்க்கிறோம். கல்லீரல் முழுவதையும் அளந்து ஸ்டேஜ் சொல்ல இது போதாது.

ஸ்கேன் முடிந்ததும் கனுலாவைக் கழற்ற அவசரப்பட வேண்டாம். கடுமையான அலர்ஜி மிக அரிது, ஆனால் வந்தால் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்துக்குள் வரும். அதுவரை குழந்தை உங்கள் கண்பார்வையில் இருக்கட்டும். அட்ரினலின், ஆக்சிஜன் இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.