எடை குறைந்த ட்ரைபாடில் படம் அசையாமல் எடுப்பது எப்படி?

கேமராவை நிறுத்தும் மூன்றுகால் தாங்கியான ட்ரைபாடில், பையில் அடங்கிவிடும் சிறிய வகையை வாங்குவோர் பலர், அதன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எடைத்தாங்கு எண்ணைப் பார்த்தே திருப்தி அடைந்துவிடுகின்றனர். எடையைத் தாங்குவது வேறு, அசையாமல் நிற்பது வேறு. அந்த எண்ணைக் கணக்கிட எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான முறையும் இல்லை.

குறையின் வேர் கால்களில்தான் இருக்கிறது. மடித்தால் நீளம் குறைய வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு காலையும் 4 அல்லது 5 துண்டுகளாக, ஒன்றுக்குள் ஒன்று நுழையும்படி செய்வதால், அடித்துண்டு மிகவும் மெலிந்துபோகிறது. சுவரின் தடிமன் மாறாமல் குழாயின் விட்டம் மட்டும் பாதியானால், அது வளையாமல் நிற்கும் திறன் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆகவே தடித்த மேல்துண்டுகளை முதலில் நீட்டுங்கள். அடித்துண்டைத் தொடாமல் வேலை முடிந்தால் மிகவும் நல்லது.

நடுத்தண்டை உயர்த்துவது இதைவிட மோசம். மூன்று கால்களின் உறுதியை விட்டுவிட்டு, கேமராவை ஒற்றைக் கம்பியின் நுனியில் நிறுத்துகிறோம். பல சிறிய ட்ரைபாடுகள் நடுத்தண்டை உயர்த்தினால்தான் கண்மட்டத்துக்கு வருகின்றன என்பது உண்மையே. ஆனாலும் குனிந்தோ உட்கார்ந்தோ படமெடுப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

உங்கள் ட்ரைபாடின் நிலையை வீட்டிலேயே அறியலாம். கையிலுள்ள மிக நீண்ட லென்ஸை மாட்டி, காட்சியை கேமராவின் திரையில் நேரடியாகக் காட்டும் லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, ஒரு காலை விரலால் மெல்லத் தட்டுங்கள். திரையில் நடுக்கம் அடங்க எத்தனை விநாடி ஆகிறதோ, பொத்தானை அழுத்திய பின் அதைவிடக் கூடுதல் நேரம் கழித்துப் படமெடுக்கும்படி செல்ஃப் டைமரை வையுங்கள். 2 விநாடி போதாவிட்டால் 10 விநாடி.

காற்று வீசும் இடத்தில் நடுத்தண்டின் கொக்கியில் பையை மாட்டலாம். அது அந்தரத்தில் ஊசலாடினால் அதுவே புதிய அசைவைத் தரும் என்பதால், பையின் அடிப்பாகம் தரையைத் தொடும்படி விடுங்கள். கேமராவைப் பொருத்தும் உருண்டை மூட்டான பால் ஹெட் (ball head) சிறியதாக இருந்தால், அதை இறுக்கிய பிறகும் கேமரா சற்றே கீழே இறங்கும். ஃப்ரேமைக் கொஞ்சம் மேலே வைத்து இறுக்குங்கள்.

கடற்கரை மட்டும் விதிவிலக்கு. அங்கே அடித்துண்டைச் சிறிது நீட்டித்தான் ஆக வேண்டும். இல்லையேல் கால்துண்டுகளை இறுக்கும் திருகுப் பூட்டுகள் மணலில் புதைந்து, உள்ளே புகும் மணலும் உப்பும் அவற்றை விரைவில் பாழாக்கிவிடும்.