கறுத்த கல் எல்லாம் அவசரமாகக் குளிர்ந்ததல்ல

பினாங்கில் வார இறுதிகளில் பாறை பார்க்க வருபவர்களோடு மலையேறுவது என் வழக்கம். புதியவர்கள் நான் செய்து சலித்த அதே பிழைகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். லென்ஸைக் கண்ணிலிருந்து எட்டப் பிடிப்பது போன்றவை தாமாகவே திருந்திவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

நிறத்தைப் பார்த்துக் குளிர்ந்த வேகத்தைச் சொல்வது

“கிரானைட் மெதுவாகக் குளிர்ந்ததால் வெளுத்தது, பசால்ட் சட்டென்று குளிர்ந்ததால் கறுத்தது.” இதைக் கேட்டால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. பாதி உண்மை கலந்திருப்பதால் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. கிரானைட் நிலத்தடியில் மெதுவாகக் குளிர்ந்தது, சரி. பசால்ட் வெளியே வழிந்து விரைவில் உறைந்தது, அதுவும் சரி. ஆனால் வேகத்தால் மாறுவது படிகங்களின் அளவு. நிறம் பெரும்பாலும் உருகிய பாறைக் குழம்பில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்தது.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர் அறிவியல் மூலைக்குக் கற்களைச் சேர்த்து, பெயரட்டைகளை அச்சடித்து, பிளாஸ்டிக் உறையும் போட்டுவிட்டு என்னை அழைத்தார். ‘விரைவாகக் குளிர்ந்தவை’ என்ற தட்டில் சமையலறை மேடைக்கு அறுத்ததில் மிஞ்சிய கறுப்புத் துண்டு ஒன்று. மெருகு ஏறாத ஓரத்தில் லென்ஸை வைத்தேன். சாம்பல் நிறப் பட்டைகளும் கரும்பச்சைத் துணுக்குகளுமாக, அரிசி மணி அளவில் படிகங்கள் ஒன்றோடொன்று கோத்துக் கிடந்தன. கேப்ரோ! நிலத்தடியில் நிதானமாக உறைந்த கல். கடையில் ‘கறுப்பு கிரானைட்’ என்று விற்பார்கள்.

“அப்படியென்றால் அட்டைகள் எல்லாம் வீணா, சார்?”

வீண்தான். அதற்குள் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் அதை மனப்பாடமும் செய்துவிட்டிருந்தார்கள். அச்சுக்கூலியைவிட அதுதான் பெரிய நஷ்டம்.

மறுப்புக்குச் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா எரிமலை வெடித்தபோது பறந்து வந்த சாம்பல் மலேசியாவின் பேராக் மாநிலத்து லெங்கோங் பள்ளத்தாக்கில் படிந்திருக்கிறது. காற்றிலேயே கண்ணாடித் துகளாக உறைந்த சாம்பல். அதைவிட விரைவான குளிர்ச்சி ஏது? ஆனாலும் அது வெளிர் நிறம். காரணம், பாறைக்குப் பொதுவாக வெளிர் நிறம் தரும் சிலிக்கா (வெண்மணலில் இருக்கும் பொருள்) அதில் 70 விழுக்காட்டுக்கு மேல். கிரானைட்டுக்கு இணையான அளவு.

பூமியின் மேலோட்டுக்குக் கீழுள்ள மூடகப் பாறை ஓரளவு உருகினால் சிலிக்கா 50 விழுக்காடு அளவில் இருக்கும், இரும்பும் மக்னீசியமும் மிகுந்த பசால்ட் குழம்பு கிடைக்கும். தடித்த கண்ட மேலோடு உருகினால் சிலிக்கா மிகுந்த குழம்பு கிடைக்கும். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் இரு நிலத்துண்டுகள் மோதியதன் விளைவாக மேலோடு தடித்து உருகி, ஆழத்தில் உறைந்ததுதான் பினாங்கின் 833 மீட்டர் உயரக் கொடிமலையின் கிரானைட். ஒரே குழம்பும் வழியில் மாறும். இரும்பும் மக்னீசியமும் மிகுந்த ஒலிவின் போன்ற படிகங்கள் முதலில் உறைந்து பிரிந்துவிட்டால், மிச்சக் குழம்பில் சிலிக்கா கூடிக்கொண்டே போகும். பாறையியலாளர் நார்மன் போவன் ஆய்வுக்கூடத்தில் பாறைகளை உருக்கிப் பார்த்து, 1928ஆம் ஆண்டில் நூலாக விளக்கியது இதைத்தான்.

நிறத்தை முழுதாக நம்புவது

எரிமலைக் கண்ணாடியான அப்சிடியன் கன்னங்கரேல் என்றிருக்கும். சிலிக்காவோ கிரானைட் அளவு.

பெரிய படிகம் என்றால் ‘மிக மிக மெதுவாக’ என்பது

பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரைப் பக்கம் இருப்பது போன்ற கிரானைட் பாறைகளில் சில இடங்களில் மெல்லிய பட்டை ஒன்று ஓடும். அதற்குள் விரல் நீளப் படிகங்கள் இருக்கும். மெல்லிய பட்டை, சுற்றியுள்ள மலையைவிட மெதுவாகக் குளிர்ந்திருக்க முடியுமா? கடைசியாக மிஞ்சிய குழம்பில் நீர் திரண்டதால் அணுக்கள் எளிதில் நகர்ந்தன. புதிய படிகங்கள் பல முளைக்காமல், இருந்த சிலவே பெருத்தன. இதற்குப் பெக்மடைட் என்று பெயர்.

மேல்தோலைப் பார்த்துப் பெயர் வைப்பது

நம் மழையிலும் வெயிலிலும் கிரானைட்டில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாகிறது. காக்காப்பொன்னில் உள்ள இரும்பு துருவாகிறது. செம்பழுப்புத் தோலுக்குப் பெயர் கிடையாது. புதிதாக உடைந்த முகத்தைப் பாருங்கள்.

பத்துமலையைத் தீப்பாறை என்பது

அது குழம்பு உறைந்த தீப்பாறை அல்ல, சுண்ணாம்புக் கல்.

தாவரவியல் பூங்காவில் சுத்தியலை எடுப்பது

1884இல் பழைய கிரானைட் குவாரி இருந்த இடத்தில் உருவான பூங்கா அது. கல்லை உடைத்த காலம் முடிந்துவிட்டது. சாலையோரம் சரிந்து கிடக்கும் துண்டுகள் போதும். அவற்றில் தேவையான உடைந்த முகங்கள் ஏற்கெனவே இருக்கும்.