ஆந்தூரியம் இலை மட்டும் விடுதா? உரப் பொட்டலத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்க

நர்சரியில் வாங்கும்போது அஞ்சாறு சிவப்புப் பூவோடு பளபளன்னு இருக்கும். வீட்டுக்கு வந்து ரெண்டு மாசத்தில் அந்தப் பூவெல்லாம் பச்சையாகி வாடும், அப்புறம் இலை வரும், இலைக்கு மேல் இலை வரும், பூ மட்டும் எட்டிப் பார்க்காது. உடனே எல்லோரும் உரக் கடைக்குத்தான் ஓடுகிறோம். நானும் ஓடியிருக்கிறேன்.

குமரி மாவட்டம் தக்கலையில் எங்க மைனி (அண்ணி) வீட்டுச் செடி ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே நின்றது. டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்து மூலை. "சாணிப்பொடி போட்டாச்சு, கடலைப் புண்ணாக்கு ஊறவச்சு ஊத்தியாச்சு, இன்னும் என்னத்தப் போட?" என்று கேட்டார். செடியைப் பார்த்தால் இலைக்காம்பு ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்கு நீண்டு, மொத்தமும் ஜன்னல் பக்கம் சாய்ந்து கிடக்கிறது. இலை நல்ல கரும்பச்சை. இத்தனையும் வெளிச்சம் போதாததுக்கு அடையாளம், இதற்கு எந்தப் பொடியும் மருந்தில்லை.

'இன்டோர் செடி' என்கிற பெயரை நம்பி இருட்டில் வைப்பதுதான் எல்லாத் தப்புக்கும் தாய். கொலம்பியா, ஈக்வடார் மழைக்காடுகள்தான் இதன் சொந்த ஊர். அங்கே இதற்குக் கிடைக்கும் நிழல், மர இலைகள் வழியே வடிந்து வரும் வெளிச்சம், நம்ம ஹால் மூலை மாதிரி கிடையாது. நம்ம பக்கத்தில் வீட்டைச் சுற்றித் தென்னையும் பலாவும் நிற்கும், ஓட்டுச் சாய்ப்பு தாழ்ந்து இறங்கியிருக்கும், ஜூன் மாச மழை மூட்டம் வேறு சேர்ந்துகொண்டால் ஜன்னலோரமே அரை இருட்டுதான். காலை 11 மணிக்குத் தொட்டி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ஒரு சாண் மேலே கையைப் பிடித்துப் பாருங்க. நிழல் மங்கலாக விழுந்தால் இடம் சரி. நிழலே விழவில்லையென்றால் அங்கே பூவை எதிர்பார்க்க வேண்டாம். விரல் விரலாகக் கறுப்பாக விழுந்தால் நேர் வெயில், இலை கருகிப் பழுப்புத் திட்டு விழும். கிழக்கு ஜன்னல் உத்தமம், மேற்கு என்றால் மெல்லிய திரை வேணும்.

இந்தச் செடியின் கணக்கு தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வளர்ந்த ஆந்தூரியத்தில் ஒவ்வொரு இலையின் கக்கத்திலும், அதாவது காம்பு தண்டோடு சேர்கிற இடத்தில், ஒரு மொட்டு உருவாகும். வெளிச்சம் போதாவிட்டால் அந்த மொட்டு கண்ணுக்குத் தெரியும் முன்பே உள்ளேயே காய்ந்துபோகும். அதனால் செடி அடர்த்தியாக இருக்கிறதே என்று நல்ல இலைகளைக் கத்தரிப்பது வீண் வேலை. பழுத்த இலை, பச்சையான பழைய பூ, இவற்றை மட்டும் அடியோடு வெட்டுங்க. நாம் பூ என்று சொல்கிற அந்தச் சிவப்புத் தட்டும் உண்மையில் உருமாறின இலைதான், நடுவில் நிற்கிற திரியில்தான் நிஜப் பூக்கள் பொடிப்பொடியாக இருக்கின்றன. சேம்பு, சேனை குடும்பம் இது. கடித்தால் வாயும் தொண்டையும் அதே மாதிரி அரித்து எரியும், சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்க.

அடுத்தது மண். செம்மண்ணும் சாணியும் அடைத்த பெரிய தொட்டியில் இதன் வேர் மூச்சுமுட்டி அழுகும், ஏனென்றால் காட்டில் இது பெரும்பாலும் மரத்தைப் பற்றிக்கொண்டு காற்றில் வேர்விட்டு வளர்கிற செடி. நமக்குத்தான் கதம்பை, அதாவது தேங்காய் மட்டை, கொல்லையில் கிடக்கிறதே. அதைக் கட்டைவிரல் அளவுக்கு நறுக்கி, சிரட்டைக்கரி, உடைத்த ஓட்டுத் துண்டு சேர்த்துக் கொஞ்சம் மண்புழு உரமும் போட்டால் போதும். ஆனால் கதம்பையை அப்படியே போடாதீங்க, ஒரு வாரமாவது தண்ணியை மாற்றி மாற்றி ஊறவைத்து, பழுப்புச் சாயம் இறங்கி முடிந்த பிறகு எடுங்க. காயல் தண்ணியில் ஊறிய மட்டை என்றால் உப்பும் சேர்ந்திருக்கும், அது வேண்டவே வேண்டாம். தொட்டி வேரைவிட ரெண்டு விரல் அகலம் கூட இருந்தால் போதும். தண்டு மேலே ஏறிப் பக்கத்தில் வேர் தொங்கினால் மண்ணைக் குவித்து மூடாமல், ஊறிய கதம்பைத் துண்டுகளைச் சுற்றி வையுங்க.

தண்ணிக்கு நாள் கணக்கு வைக்க வேண்டாம். விரலை ஒரு அங்குலம் விட்டுப் பாருங்க, காய்ந்திருந்தால் ஊற்றுங்க. ஐப்பசி மழையில் வாரத்துக்கு ஒரு தடவையே அதிகமாகத் தோன்றலாம். கடலோரத்தில் போர்த் தண்ணி உப்பாக இருந்தால் இலை நுனி கருகும், மழைத் தண்ணியைப் பிடித்து வைத்து ஊற்றுங்க. ஈரப்பதத்துக்கு நம்ம ஊரில் பஞ்சமே இல்லை, ஏசி அறையில் வைத்துக் காய விட்டால்தான் உண்டு.

இதெல்லாம் சரியான பிறகுதான் உரம். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் இருக்கிற 19:19:19 உரம் லிட்டர் தண்ணிக்கு 1 கிராம், ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஈரமான வேருக்கு மட்டும். யூரியா, புண்ணாக்கு என்று தழைச்சத்தாகவே கொட்டினால் இலைதான் தழைக்கும்.

மைனி செடியை மாசியில் கிழக்கு ஜன்னலுக்கு மாற்றினோம். முதலில் வந்த இலை குட்டையாக, காம்பு தடித்து வந்தது. அதற்கு அடுத்த இலையின் அடியில், பென்சில் முனை மாதிரி ஒன்று சிவப்பாக நீட்டிக்கொண்டு நின்றபோது ஆடி பிறந்திருந்தது. உடனே போன் வந்தது: "இனி டிவி பக்கத்தில வைக்கலாம்லா?" பூ முழுசாக விரியட்டும் மைனி, விருந்தாள் வருகிற ரெண்டு நாள் வேண்டுமானால் வையுங்க, அப்புறம் ஜன்னலுக்கே கொண்டு போயிருங்க என்றேன்.