படைவீரர் உதவித்தொகையைச் சரிபார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் கவுண்டி நலத்துறை அலுவலகங்களில் வருமானம் குறைந்தவர்களுக்கான மெடிகெய்ட் மருத்துவ உதவி, ஸ்னாப் உணவு உதவி ஆகியவற்றுக்கான விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்களின் கோப்புகளை மறுபார்வை செய்வது என் பணியின் ஒரு பகுதி. முன்னாள் படைவீரர் விவகாரத் துறை, அதாவது வி.ஏ., வழங்கும் பணத்தைக் கணக்கில் எடுக்கும் இடத்தில், எங்கள் தலைமுறை தொடக்க காலத்தில் செய்த அதே தவறுகளையே இவர்களும் செய்வதைப் பார்க்கிறேன். கூட்டல் பிழை, பெயரில் எழுத்துப் பிழை போன்றவற்றை மேலாளரே பிடித்துவிடுவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடிதத்தின் மொத்தத் தொகையை அப்படியே வருமானமாகப் பதிவது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இதுதான். வி.ஏ. கடிதத்தில் மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே எண் தடித்த எழுத்தில் இருக்கும். புதியவர் அதைக் கணினியில் ஏற்றிவிட்டு அடுத்த கோப்புக்குப் போய்விடுவார். அந்த ஓர் எண்ணுக்குள் வெவ்வேறு விதிகளுக்கு உட்பட்ட பணங்கள் சேர்ந்திருக்கக்கூடும்.

பணியின்போது ஏற்பட்ட காயத்துக்கோ நோய்க்கோ தரப்படுவது இழப்பீடு. போர்க்காலத்தில் பணியாற்றி, முதுமையிலோ உடல்நலக் குறைவிலோ வருமானம் குன்றியவர்களுக்குத் தேவையின் அடிப்படையில் தரப்படுவது பென்ஷன். வருமானம் குறைந்த முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் கூட்டரசு தரும் மாத உதவித்தொகையான எஸ்.எஸ்.ஐ.யின் கணக்கு முறையில் இழப்பீட்டுக்கு 20 டாலர் பொதுக்கழிவு உண்டு, பென்ஷனுக்கு இல்லை. குளிப்பது, உடுத்துவது, உண்பது போன்றவற்றுக்கு மற்றொருவர் துணை வேண்டியவர்களுக்குச் சேர்த்துத் தரப்படும் ‘எய்ட் அண்ட் அட்டெண்டன்ஸ்’ படியும், வீட்டைவிட்டு வெளியேற முடியாதவர்களுக்கான ‘ஹவுஸ்பவுண்ட்’ படியும் அந்த முறையில் வருமானமே அல்ல. மனைவிக்காகவோ பிள்ளைக்காகவோ கூட்டித் தரப்பட்ட பகுதியும் படைவீரரின் வருமானம் ஆகாது. அது அந்தக் குடும்ப உறுப்பினரின் கணக்கில் சேர வேண்டியது.

ஓர் எடுத்துக்காட்டுக்கு, வேறு வருமானம் எதுவும் இல்லாத, படைவீரர் ஒருவரின் விதவைக்கு வி.ஏ. பென்ஷனாக மாதம் 1,500 டாலர் வருவதாகவும், அதில் 560 டாலர் ‘எய்ட் அண்ட் அட்டெண்டன்ஸ்’ என்ற துணையாள் படி என்றும் வைத்துக்கொள்வோம். 2025ஆம் ஆண்டில் தனிநபருக்கான கூட்டரசு எஸ்.எஸ்.ஐ. அளவு 967 டாலர். மொத்தத்தை எழுதினால் அவர் வரம்பைத் தாண்டிவிடுகிறார். படியைக் கழித்தால் வருமானம் 940 டாலர்தான், ஆகவே 27 டாலர் எஸ்.எஸ்.ஐ. பெறத் தகுதி உண்டு. 27 டாலர் சிறிய தொகைதான். ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் எஸ்.எஸ்.ஐ. பெறுபவருக்கு மெடிகெய்ட்டும் கிடைக்கிறது.

மேல்முறையீட்டுக்கு வந்த ஒரு கோப்பை நான் கையில் எடுத்தபோது, மறுப்புக் குறிப்பில் ‘வருமானம் கூடுதல்’ என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது. விண்ணப்பித்தவர் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கும் ஒரு மூதாட்டி. அவரைக் குளிப்பாட்டி விடுவதற்குப் பக்கத்து வீட்டுப் பெண் வேலைக்குப் போகும் முன் வந்து போய்க்கொண்டிருந்தார். வி.ஏ. கடிதம் கோப்பிலேயே இருந்தது. அதன் இரண்டாம் பக்கத்தில் துணையாள் தேவை ஏற்கப்பட்டதாக ஒரு வரியும் இருந்தது; முதல் பக்கம் மட்டுமே வாசிக்கப்பட்டிருந்தது. பிறர் துணை இல்லாமல் வாழ முடியாது என்று ஒரு துறை ஒப்புக்கொண்டு தந்த பணமே, வீட்டுக்கு வந்து பராமரிக்கும் உதவியை இன்னொரு துறை மறுக்கக் காரணமாகிவிட்டது. மறுப்பு நீக்கப்பட்டது என்றாலும், இடையில் கழிந்த மாதங்களில் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய பராமரிப்பை யாராலும் திருப்பித் தர முடியவில்லை.

எல்லாக் கடிதங்களும் தொகையைப் பிரித்துக் காட்டுவதில்லை. அவ்வாறு காட்டாதபோது, விண்ணப்பதாரரின் ஒப்புதலைப் பெற்று வி.ஏ.விடமே எழுத்து மூலம் பிரிவினையைக் கேளுங்கள். பதில் வரும்வரை ஊகித்து எழுதாதீர்கள்.

ஒரு திட்டத்தின் விதியை இன்னொன்றில் பொருத்துவது

வருமான வரி முறையை ஒட்டிக் கணக்கிடும் மெடிகெய்ட் பிரிவுகளில் வி.ஏ. இழப்பீடும் பென்ஷனும் வரிக்கு உட்படாதவை என்பதால் கணக்கில் வருவதே இல்லை. ஸ்னாப்பில் இழப்பீடு உழைக்காமல் வரும் வருமானமாகச் சேர்கிறது. ஆனால் வி.ஏ. முழு ஊனம் என மதிப்பிட்டவர் ஸ்னாப்பிலும் ஊனமுற்றவராகக் கொள்ளப்படுவதால், 35 டாலருக்கு மேற்பட்ட மருத்துவச் செலவைக் கழிக்கலாம், வீட்டுச் செலவுக் கழிவுக்கும் உச்சவரம்பு கிடையாது. வருமானத்தைச் சேர்த்துவிட்டுக் கழிவுகளை மறந்த கோப்புகள் அடிக்கடி என் மேசைக்கு வருகின்றன.

டிடி-214 படிவத்தோடு நிறுத்திக்கொள்வது

அது படைப்பணி செய்து விடுவிக்கப்பட்டதற்கான சான்று. என்ன பணம் வருகிறது என்பதை அது சொல்லாது.

வங்கி அறிக்கையை மட்டும் நம்புவது

அதில் தெரிவது கைக்கு வந்த தொகை மட்டுமே. முன்பு கூடுதலாகக் கொடுத்ததை வி.ஏ. பிடித்தம் செய்துகொண்டிருக்கலாம், அந்தப் பிடித்தத்தை ஒவ்வொரு திட்டமும் ஒவ்வொரு விதமாக நடத்துகிறது.

பழைய கடிதம்

தொகை ஆண்டுதோறும் டிசம்பர் 1 முதல் மாறுகிறது.

‘நீங்கள் முன்னாள் படைவீரரா?’ என்று மட்டும் கேட்பது

இறந்த படைவீரரின் மனைவி இந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்றுதான் சொல்வார், அது உண்மையும்கூட. போர்முனைக்குப் போகாத பலரும் அவ்வாறே சொல்கிறார்கள். ‘நீங்களோ உங்கள் கணவரோ மனைவியோ பெற்றோரோ எப்போதாவது படையில் இருந்ததுண்டா?’ என்று கேளுங்கள்.

பாரிஸ் பட்டியலைத் தீர்ப்பாகக் கொள்வது

உதவி பெறுவோரின் பட்டியலை வி.ஏ. பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பாரிஸ் என்ற கூட்டரசு ஏற்பாடு காலாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. அதில் ஒரு பெயர் பொருந்தி வந்தால் விசாரிக்க வேண்டும் என்பதே பொருள். தனியே உறுதிசெய்துகொண்டு, முன்கூட்டியே அறிவிப்பும் அனுப்பிய பிறகுதான் உதவியைக் குறைக்கவோ நிறுத்தவோ முடியும். அதே பட்டியலில் வி.ஏ. பென்ஷனுக்குத் தகுதியிருந்தும் விண்ணப்பிக்காதவர்களின் தடயமும் கிடைக்கும். வாஷிங்டன் மாநிலம் அதை அந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தி, பலரை வி.ஏ. உதவிகளுக்கு அனுப்பியிருக்கிறது.

முதியோர் இல்லத்தில் 90 டாலர்

மனைவியோ பிள்ளையோ இல்லாத படைவீரர் மெடிகெய்ட் செலவில் பராமரிப்பு இல்லத்தில் தங்கும்போது அவருடைய பென்ஷன் மாதம் 90 டாலராகக் குறைக்கப்படுகிறது. அந்த 90 டாலர் அவருடைய சொந்தச் செலவுக்கானது. அதை இல்லத்துக்கு அவர் செலுத்த வேண்டிய பங்கில் சேர்க்கக் கூடாது. சேர்த்த கோப்பு கண்ணில் பட்டால் அன்றே திருத்திவிட்டு, முந்தைய மாதங்களில் பிடித்ததையும் இல்லத்திடமிருந்து அவருக்குத் திரும்பப் பெற்றுக் கொடுங்கள்.