ஹைட் பார்க்கில் ரூஸ்வெல்ட்டின் வீடும் நூலகமும் அருங்காட்சியகமும்: முதன்முறை செல்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

அமெரிக்காவின் 32ஆவது குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் டெலனோ ரூஸ்வெல்ட் 1882 ஜனவரி 30 அன்று பிறந்த வீடு, நியூயார்க் மாநிலத்தின் ஹைட் பார்க் என்ற சிற்றூரில், ஹட்சன் ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது. அவர் பிறந்த அறை, அவர் கட்டிய நூலகம், அவர் அடக்கம் செய்யப்பட்ட ரோஜாத் தோட்டம் ஆகிய மூன்றும் ஒரே வளாகத்தில், சில நிமிட நடைத் தொலைவுக்குள் அமைந்துள்ளன. நான் இங்கே இரண்டு முறை சென்றிருக்கிறேன். முதல் முறை வீட்டுக்குள் நுழையாமலேயே திரும்ப நேர்ந்தது. இரண்டாம் முறை ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவையும் அழைத்துச் சென்று, ஒரு முழு நாளை ஒழுங்காகத் திட்டமிட்டுச் செலவிட்டோம். அந்த இரண்டாம் பயணத்தின் வரிசைமுறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: இது ஒரே இடம் அன்று என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே வளாகமாகத் தோன்றினாலும், இங்கே இரண்டு அரசு அமைப்புகள் அருகருகே இயங்குகின்றன. ஸ்பிரிங்வுட் எனப்படும் வீட்டையும் தோட்டத்தையும் தேசியப் பூங்காச் சேவை பராமரிக்கிறது. நூலகமும் அருங்காட்சியகமும் தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் உள்ளன. ஆகையால் இணையதளமும் இரண்டு, கட்டணமும் இரண்டு. தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு அனுமதி அட்டை உங்களிடம் இருந்தால், அது வீட்டுக்கு மட்டுமே செல்லும். அருங்காட்சியகத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

'நூலகம்' என்ற சொல்லைக் கேட்டு, அலமாரியிலிருந்து புத்தகம் எடுத்துப் படிக்கும் இடம் என்று எண்ணிவிட வேண்டாம். அதிபரின் கடிதங்கள், கோப்புகள், உரைகளின் வரைவுகள் ஆகியவற்றைக் காக்கும் ஆவணக் காப்பகம் இது. ரூஸ்வெல்ட்டுக்கு முன்பு பதவி வகித்தவர்கள் தங்கள் காகிதங்களைச் சொந்தச் சொத்தாக வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். அவற்றில் பல விற்கப்பட்டன, எரிக்கப்பட்டன, தொலைந்தும் போயின. தம் காகிதங்கள் நாட்டுக்கே உரியவை என்று முடிவு செய்து, தம் தாய் சாராவின் நிலத்தில், தனியாரிடம் திரட்டிய நன்கொடையில் கட்டடம் எழுப்பி, அதை அரசிடம் ஒப்படைத்தார் அவர். 1939 நவம்பர் 19 அன்று அடிக்கல் நாட்டி, 1941 ஜூன் 30 அன்று திறந்து வைத்தார். அதிபர் நூலகங்கள் என்ற ஏற்பாட்டுக்கே இதுதான் தொடக்கம்.

படி 2: நாளைத் தேர்ந்தெடுத்தல்

நன்றி நவிலல் நாள், கிறிஸ்துமஸ், புத்தாண்டு ஆகிய மூன்று நாட்களும் விடுமுறை. பருவத்துக்கு ஏற்பத் திறந்திருக்கும் கிழமைகள் மாறக்கூடும் என்பதால், கிளம்பும் முன் இரண்டு இணையதளங்களையும் தனித்தனியே பாருங்கள். 2013 அக்டோபரில் நடந்ததுபோல, நிதி ஒதுக்கீடு இல்லாமல் கூட்டரசு அலுவலகங்கள் மூடப்படும் காலங்களில் இங்கும் கதவு திறக்காது. ரோஜாக்களுக்காகச் செல்பவர்கள் ஜூன் மாதத்தைத் தேர்ந்தெடுக்கலாம். கூட்டமின்றி நின்று பார்க்க விரும்புபவர்களுக்குப் பள்ளி நடக்கும் வார நாட்களே நல்லவை.

படி 3: வீட்டிலேயே அரை மணி நேரம் படியுங்கள்

முந்தைய நாள் இரவே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். தேசியப் பூங்காச் சேவையின் கைப்பேசிச் செயலியை இறக்கி, இணைய இணைப்பு இல்லாமலும் பயன்படும்படி இந்த இடத்தின் பக்கங்களைச் சேமித்துக்கொள்ளுங்கள். கட்டணம் கேட்கும் வேறு சுற்றுலாச் செயலிகளையும் முயன்று பார்த்தேன். இந்த இலவசச் செயலியை மிஞ்சும் எதையும் நான் காணவில்லை.

இரண்டாவதாக, நூலகத்தின் இணையதளத்தில் 'பிராங்க்ளின்' என்ற பெயரிலேயே உள்ள எண்மக் களஞ்சியத்துக்குச் சென்று, பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு மறுநாள், 1941 டிசம்பர் 8 அன்று நிகழ்த்திய உரையின் முதல் வரைவைத் தேடிப் பாருங்கள். அந்த நாள் 'உலக வரலாற்றில்' நிலைக்கும் என்று தட்டச்சில் இருந்த சொற்களை ரூஸ்வெல்ட் பென்சிலால் அடித்துவிட்டு, இழிவைக் குறிக்கும் ஒற்றைச் சொல்லை மேலே எழுதியிருக்கிறார். அந்தப் பென்சில் கோட்டைப் பார்த்துவிட்டுப் போனால், ஆவணக் காப்பகம் எதற்கு என்ற கேள்விக்கு விடை கையிலேயே இருக்கும். என் அம்மா அதைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "திருத்தினதக்கூடத் தூக்கிப் போடாம வச்சிருக்காங்களே" என்றார்.

படி 4: பயணம்

காரில் செல்பவர்கள் ரூட் 9 சாலையில்தான் வந்து சேர வேண்டும். அதே சாலையில், வடக்கே சுமார் 2 மைல் தொலைவில் வாண்டர்பில்ட் மாளிகை இருக்கிறது. அதையும் அதே பூங்காச் சேவைதான் நடத்துகிறது. எனவே வழிகாட்டிக் கருவியில் ஊர்ப் பெயரை மட்டும் இடாமல், ரூஸ்வெல்ட் இல்லம் என்றே முழுமையாக இட வேண்டும்.

ரயிலை விரும்புபவர்கள் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரலிலிருந்து மெட்ரோ நார்த் ஹட்சன் தடத்தில் கடைசி நிலையமான பொகிப்ஸி வரை வரலாம். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். அங்கிருந்து ஹைட் பார்க்குக்கு மீதமுள்ள சுமார் 6 மைலுக்கு வாடகைக் காரை நம்பியிருக்க வேண்டும். போகும்போது இடப்பக்க ஜன்னலோரத்தில் அமருங்கள். ஆறு வழிநெடுக உடன் வரும். பெரியவர்கள் உடன் வந்தால் கார்தான் சரி. தனியாகச் செல்வதென்றால் நான் ரயிலில்தான் போவேன்.

படி 5: சீட்டு வாங்கும் வரிசை (என்னைத் தடுக்கி விழச் செய்த இடம்)

இந்தப் படியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். அருங்காட்சியகத்தை நம் விருப்பம்போல எப்போது வேண்டுமானாலும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். வீட்டை அப்படிப் பார்க்க முடியாது. வழிகாட்டியுடன், குறித்த நேரத்தில், குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பேர் மட்டுமே உள்ளே செல்ல முடியும். முதல் முறை சென்றபோது இந்த வேறுபாடு எனக்குத் தெரியாது. அருங்காட்சியகச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே சென்றேன். ஒவ்வொரு கண்ணாடிப் பேழையின் முன்பும் நின்று வாசித்து, இரண்டரை மணி நேரம் கழித்து வெளியே வந்து வீட்டுக்குச் சீட்டு கேட்டபோது, அன்றைய சுற்றுகள் அனைத்தும் நிரம்பிவிட்டிருந்தன. யாரையும் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. கேட்க வேண்டியதை நான்தான் முதலிலேயே கேட்கவில்லை. வீட்டின் முன் முகப்பில் நின்று, தேர்தல் இரவுகளில் தீப்பந்தங்களோடு ஊர்வலமாக வந்த ஊர்க்காரர்களை ரூஸ்வெல்ட் வரவேற்றுப் பேசிய இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்த எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

ஆகவே முறை இதுதான்: காலையில் திறக்கும் நேரத்திலேயே ஹென்றி ஏ. வாலஸ் வரவேற்பு மையத்துக்குச் சென்று, வேறு எதையும் பார்ப்பதற்கு முன் வீட்டுச் சுற்றுக்கான சீட்டை வாங்குங்கள். முன்பதிவு செய்யும் வசதி இருந்தால் முதல் நாளே செய்துவிடுங்கள். ஆனால் காலை முதல் சுற்றைக் கேட்காதீர்கள்; பிற்பகல் ஒரு மணியை ஒட்டிய சுற்றைக் கேளுங்கள். காலை நேரம் முழுவதையும் அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். பலர் வீட்டை முதலில் பார்க்கச் சொல்வார்கள், நான் உடன்படவில்லை. வீடு தன்னைத் தானே விளக்கிக்கொள்ளாது. அருங்காட்சியகத்தைப் பார்த்த கண்ணோடு உள்ளே போனால்தான் அங்கே எதைத் தேட வேண்டும் என்று தெரியும்.

படி 6: அருங்காட்சியகத்தில் எங்கே நிற்க வேண்டும்

அனைத்தையும் வாசிக்க ஒரு நாள் போதாது. பெரும் பொருளாதார மந்தக் காலத்துப் பகுதியில், அக்காலத்து வீட்டு அறை போன்ற அமைப்பில் வானொலி ஒலிக்கும். அங்கே அமர்ந்து அவருடைய குரலைக் கேளுங்கள். 1933 மார்ச் 12 அன்று, பதவியேற்று எட்டே நாட்களில், வங்கிகள் ஏன் மூடப்பட்டன, பணம் எங்கே போகிறது என்று பொதுமக்களுக்குப் பாடம் சொல்வதுபோல விளக்கியதுதான் அவருடைய முதல் 'கணப்படுப்புப் பேச்சு'.

அடுத்து, கீழ்த்தளத்தில் நிற்கும் 1936ஆம் ஆண்டு போர்டு காரைத் தவறவிடாதீர்கள். 1921இல், 39 வயதில் இளம்பிள்ளைவாதம் தாக்கியதிலிருந்து அவருடைய கால்கள் செயல்படவில்லை. அந்தக் காரைக் கைகளாலேயே ஓட்டும்படி நெம்புகோல்கள் பொருத்தியிருக்கிறார்கள். கால்களில் அணிந்த இரும்புத் தாங்கிகளையும் பாருங்கள். இவை இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பகலில் தேவைப்படும்.

போற்றுதல் மட்டுமே இங்கே இருக்கிறது என்று எண்ண வேண்டாம். 1942 பிப்ரவரி 19 அன்று அவர் கையெழுத்திட்ட 9066ஆம் எண் ஆணையின் விளைவாக, ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டதையும் ஆவணங்களோடு காட்டுகிறார்கள். குழந்தைகளோடு செல்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிச் சென்றுவிட வேண்டாம் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

வெளியேறும் முன் அவருடைய படிப்பறைக்குச் செல்லுங்கள். பதவியில் இருந்தபோதே தம் நூலகத்தில் அமர்ந்து பணிபுரிந்த ஒரே அதிபர் இவர். வானொலி உரைகள் சிலவற்றை இங்கிருந்தே நிகழ்த்தினார். சாதாரணச் சமையலறை நாற்காலிக்குச் சக்கரம் பூட்டியதுபோன்ற, கைப்பிடி இல்லாத சிறிய சக்கர நாற்காலியை அங்கே காணலாம். பிறர் கண்ணில் படாமல் அதைப் பயன்படுத்தவே அவர் விரும்பினார். அதில் அவர் அமர்ந்திருக்கும் புகைப்படங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே உள்ளன.

படி 7: வீடு

சுற்று ஏறத்தாழ ஒரு மணி நேரம். பெரிய பைகளைக் காரிலேயே வைத்துவிடுங்கள். பிளாஷ் போட்டுப் படம் எடுக்க வேண்டாம். நுழைகூடத்தில் சிறுவனாக இருந்தபோது அவர் சேகரித்துப் பாடம் செய்த பறவைகள் பேழையில் இருக்கின்றன. மாடியில் அவர் பிறந்த அறையும், வெள்ளை மாளிகையோடு நேரடித் தொடர்புடைய தொலைபேசி இருந்த படுக்கையறையும் உள்ளன. வழிகாட்டி விரைவாகக் கடந்து செல்லும் அறைகளில் நீங்களும் விரைவாகக் கடக்கலாம். ஒரே ஓரிடத்தில் மட்டும் கூட்டத்தின் கடைசியில் நின்றுகொள்ளுங்கள்.

அது மாடிக்குச் செல்லும் மின்தூக்கி போன்ற ஒரு சிறிய பெட்டி. ஆனால் அதில் மின்சாரம் இல்லை. பயணப் பெட்டிகளை மேலே ஏற்றுவதற்காக அமைந்திருந்த கப்பியும் கயிறும்தான். சக்கர நாற்காலியோடு அதற்குள் சென்று, கயிற்றைக் கைகளால் இழுத்து இழுத்துத் தம்மையே மேலே ஏற்றிக்கொள்வார் அவர். தீப்பிடித்தாலோ மின்சாரம் நின்றாலோ உள்ளே சிக்கிக்கொள்வோமோ என்ற அச்சத்தால் மின்விசையை அவர் ஏற்கவில்லை. கிணற்றடியில் ராட்டினக் கயிற்றை இழுத்துப் பழகிய கை என் அம்மாவுடையது. அந்தக் கயிற்றைப் பார்த்தவுடன், ஒரு குடம் தண்ணீருக்கே தோள்பட்டை எப்படி வலிக்கும் என்று என்னிடம் சொல்லிவிட்டு, மனிதன் தன் உடம்பையே இறைத்துக்கொண்டு மேலே போயிருக்கிறான் என்று நெடுநேரம் அங்கேயே நின்றார். காலையில் பார்த்த காரின் நெம்புகோலும் இரும்புத் தாங்கியும் இந்தக் கயிறும் ஒன்றாகச் சேரும் இடம் அதுதான். வரிசையை நான் மாற்றச் சொல்வது இதற்காகவே.

படி 8: ரோஜாத் தோட்டம்

வீட்டுக்கும் நூலகத்துக்கும் இடையே, உயர்ந்த செடிவேலிக்குள் இருக்கிறது கல்லறை. தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. 1937 டிசம்பர் 26 அன்றே தம் கல்லறைக்கான அளவை அவர் எழுதி வைத்துவிட்டார்: 8 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி உயரமுள்ள வெள்ளைக் கல், செதுக்கு வேலையோ அலங்காரமோ கூடாது. 1945 ஏப்ரல் 12 அன்று ஜார்ஜியாவின் வார்ம் ஸ்பிரிங்ஸில் காலமானவரை மூன்று நாட்கள் கழித்து இங்கே அடக்கம் செய்தார்கள். 1962இல் மறைந்த மனைவி எலினோரும் அருகிலேயே இருக்கிறார். அருகில் அவர்களுடைய பாலா என்ற நாயும் புதைக்கப்பட்டிருக்கிறது.

பிற்சேர்க்கை 1: முழங்கால் வலி உள்ள பெற்றோரை அழைத்துச் செல்லலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். வீட்டின் மாடிக்குப் படியேறித்தான் செல்ல வேண்டும். சீட்டு வாங்கும்போதே பணியாளரிடம் சொல்லி, என்ன ஏற்பாடு உண்டு என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்டடங்களுக்கு இடையிலான நடையும் உண்டு என்பதால், மடக்கு நாற்காலி இருந்தால் காரில் போட்டுக்கொள்வது நல்லது. நாங்கள் அருங்காட்சியகத்துக்கும் வீட்டுக்கும் நடுவே முக்கால் மணி நேரம் ஓய்வு வைத்துக்கொண்டோம்; அதனால்தான் அம்மாவால் மாடி ஏற முடிந்தது.

பிற்சேர்க்கை 2: எலினோரின் வால்-கில் குடிலையும் அதே நாளில் சேர்க்கலாமா என்றும் கேட்டார்கள். கிழக்கே சுமார் 2 மைல்தான். ஆனால் சேர்க்க வேண்டாம். மனித உரிமைப் பிரகடனத்தை வரைந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவரின் வீட்டைக் களைத்த காலோடு கடைசி அரை மணி நேரத்தில் பார்ப்பது முறையன்று. அதற்குத் தனியே ஒரு காலைப்பொழுதை ஒதுக்கிவிட்டு, முதல் நாள் மாலையில் வீட்டின் பின்புறப் புல்வெளிக்குச் சென்று, மரங்களுக்கு அப்பால் ஹட்சன் தெரியும் இடத்தில் சற்று நேரம் உட்கார்ந்திருங்கள்.