துருப்பிடித்த ரோபோ செய்வது எப்படி? மினியேச்சர் வார்கேமுக்கு முதல் கன்வர்ஷன்

சிறு பொம்மைப் படைகளை மேசையில் வைத்து ஆடும் போர் விளையாட்டுதான் மினியேச்சர் வார்கேம்; கிட்டின் பாகங்களை வெட்டி மாற்றி வேறு உருவம் செய்வது கன்வர்ஷன். உலகம் அழிந்தபின் நடக்கும் சண்டைக்கு ரோபோ வேண்டும் என்று ஒரு பிளாஸ்டிக் கிட்டை வாங்கி, அப்படியே ஒட்டி, மேலே பழுப்பைத் தடவினால் சேற்றில் விழுந்த புது ரோபோதான் கிடைக்கும். பழைய ரோபோ கிடைக்காது.

அதனால் கத்தியை எடுக்கும் முன் ஒரு துண்டுத் தாளில் மூன்று விஷயங்களை எழுதிவிடுங்கள். இது முன்பு என்ன வேலை பார்த்தது? எது உடைந்தது? எதை வைத்துச் சரி செய்தார்கள்? நாம் எடுத்துக்கொள்ளும் ரோபோ, சாம்பல் நிறக் காவல் இயந்திரம். இடது கை போய்விட்டது. கட்டுமான இயந்திரத்தின் மஞ்சள் கொக்கியை யாரோ அந்த இடத்தில் மாட்டியிருக்கிறார்கள். இனி வெட்டுவது, ஒட்டுவது, பூசுவது எல்லாம் இந்தக் கதைப்படிதான்.

வெட்டும் ஒட்டும்

பாகங்களைச் சட்டத்திலிருந்து கட்டரால் நறுக்கி எடுங்கள். அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் விழுந்த அச்சுக்கோடுகளைக் கத்தியின் முதுகால் சுரண்டுங்கள். கூர்ப்பக்கத்தை வைத்தால் பிளாஸ்டிக்கே குழிந்துவிடும். ரெசின் (வார்ப்புப் பிசின்) மாடலாக இருந்தால் முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசிக் காயவிடுங்கள். அச்சில் தடவிய எண்ணெய்ப்பசை இருந்தால் பெயிண்ட் பிடிக்காது. ரெசினைத் தேய்க்கும்போது உப்புத்தாளை நனைத்துத் தேய்ப்பதும் முகக்கவசம் போடுவதும் கட்டாயம். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

இடது கையைத் தோளோடு வெட்டுங்கள். வெட்டு நேராக இருந்தால் தொழிற்சாலையில் கழற்றியதுபோல் தெரியும். கொஞ்சம் பிய்ந்தாற்போல் இருக்கட்டும். கொக்கிக்கு வேறு கிட்டில் மிஞ்சிய துண்டு போதும். பழைய கடிகாரப் பற்சக்கரம், பேனா ஸ்பிரிங், மின்கம்பித் துண்டு எல்லாமே இங்கே சொத்துதான்.

கிடார் கம்பிக்கு மட்டும் தனி இடம் உண்டு. தடித்த கம்பியில் மேலே சுருள் சுற்றியிருக்கும், ஆள் உயரம் 28 மி.மீ. இருக்கும் மாடல் அளவில் அது அச்சு அசல் ஹைட்ராலிக் குழாய். ஆனால் உள்ளே இருப்பது எஃகு. பிளாஸ்டிக் கட்டரால் வெட்டினால் அதன் வாய் பல் பல்லாகப் போய்விடும், குறடு பயன்படுத்துங்கள். தோளிலும் கொக்கியிலும் கைத்துரப்பணத்தால் கம்பியின் தடிமனுக்கு ஏற்றபடி துளை போட்டு, முனைகளை உள்ளே செருகுங்கள். மேலே சும்மா ஒட்டிய குழாய், ஆட்டத்தில் நாலு கை மாறினாலே பெயர்ந்துவிடும்.

பசையில் ஒரு விதி: பிளாஸ்டிக் சிமென்ட், கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்து இணைப்பது. ரெசின், உலோகத்துக்கு அது உதவாது. அவற்றுக்கு சூப்பர் க்ளூ.

இனி வெல்டிங் தழும்பு. கிரீன் ஸ்டஃப் என்பது இரண்டு பாகங்களைப் பிசைந்தால் இறுகும் எபாக்சி புட்டி. அதன் மஞ்சளையும் நீலத்தையும் சம அளவு எடுத்து, கோடு எதுவும் தெரியாமல் ஒரே பச்சையாகும்வரை பிசையுங்கள். நூல்போல் உருட்டி இணைப்பைச் சுற்றி வைத்து, நனைத்த ஊசியால் நெருக்க நெருக்கமாகச் சாய்வாக அழுத்துங்கள். ஒழுங்காக வந்தால் நல்ல வெல்டர், கோணலாக வந்தால் அவசரத்தில் செய்தவர். நம் கதைக்குக் கோணல்தான் சரி. ஓரிரவு இறுகவிடுங்கள்.

வண்ணம்

மேல் பெயிண்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சான பிரைமர் ஸ்ப்ரேயை 20 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, காற்றோட்டமான இடத்தில் மெல்லிய பூச்சுகளாக அடியுங்கள். ஈரப்பதம் மிகுந்த நாளில் வேண்டாம்.

துருவை மேலே வரைவதைவிட அடியில் வைத்துவிட்டு, மேல் பெயிண்டைப் பெயர்த்தெடுப்பதே எனக்குப் பிடித்த வழி. முதலில் மாடல் முழுக்க அடர் பழுப்பு அக்ரிலிக். அதன்மேல் கிழிந்த ஸ்பாஞ்சால் செம்பழுப்பு, அங்கங்கே ஆரஞ்சு. காய்ந்ததும் ஒரு பூச்சு வார்னிஷ்; இதைத் தவிர்த்தால் பிறகு தேய்க்கும்போது துருவும் கூடவே வந்துவிடும். வார்னிஷ் நன்றாகக் காய்ந்தபின் ஹேர்ஸ்ப்ரே இரண்டு பூச்சு. அதுவும் காய்ந்ததும் உடலுக்குச் சாம்பல், கொக்கிக்கு மஞ்சள். நிறம் வேறாக இருந்தால்தான் அது வேறு இயந்திரத்தின் பாகம் என்பது மேசைக்கு எதிர்ப்பக்கம் இருப்பவருக்கும் புரியும்.

மேல் பெயிண்ட் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்ததும், அதிக நேரம் விடாமல், ஓரிடத்தில் தண்ணீர் தொட்டு வைத்து அரை நிமிடம் பொறுங்கள். ஹேர்ஸ்ப்ரே நீரில் இளகும். மயிர் குட்டையான பழைய பிரஷால் லேசாகக் குத்தினால் மேல்தோல் செதில் செதிலாக வந்துவிடும். எங்கே பெயர்ப்பது? விளிம்பு, முழங்கால், பாதம், கொக்கியின் உள்வளைவு: உரசல் படும் இடங்களில் மட்டும். நெஞ்சுப் பலகையின் நடுவில் பெரிதாகப் பெயர்த்தால் அதற்கும் ஒரு காரணம் வேண்டும்; ஒரு குண்டுத்துளை போட்டுவிடுங்கள்.

பிறகு அடர் பழுப்பு வாஷ், அதாவது பள்ளங்களில் தங்கும் நீர்த்த பெயிண்ட். அதைத் தாராளமாகப் பூசி, குளம் கட்டும் இடத்தில் ஈரப் பிரஷால் உறிஞ்சி எடுங்கள். துரு ஒழுகலுக்கு, ஆணித்தலையின் கீழே நீர்த்த ஆரஞ்சு பழுப்பில் ஒரு புள்ளி வைத்துக் கீழ்நோக்கி இழுங்கள். தண்ணீர் போகும் திசை அதுதான். மடக்கிய முழங்கையில் ஒழுகலும் திரும்பும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெல்டிங் தழும்பின் முகடுகளில் மட்டும் வெள்ளி நிறத்தை டிரைபிரஷ் செய்யுங்கள். பெயிண்டை டிஷ்யூவில் துடைத்துவிட்டு, பிரஷில் மிஞ்சியதை மட்டும் தேய்த்தால் போதும்.

பீடத்தில் உடைந்த கார்க், மணல், ஒரு வளைந்த கம்பி. பாதத்தில் அதே மண்ணின் நிறத்தை டிரைபிரஷ் செய்தால் ரோபோ தரையில் நிற்கும், மிதக்காது.

எல்லாம் காய்ந்தபின் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ். கண் லென்ஸை இதற்குப் பிறகு வையுங்கள்: மேல்பாதி அடர் சிவப்பு, கீழ்பாதி ஆரஞ்சு, மேல்மூலையில் ஊசிமுனை அளவு வெள்ளை. அதன்மேல் மட்டும் ஒரு துளி பளபளப்பான கிளாஸ் (gloss) வார்னிஷ் விட்டு, மறுநாள்வரை கை படாமல் வையுங்கள்.