மகள் மறுபடி தமிழில் பேசினாள்

வெளிநாட்டில் ஆங்கிலம் கற்றுக்கொடுப்பது என் வேலை. வீட்டுக்கு வந்தாலும் திருத்தும் பழக்கம் விடவில்லை. மகள் "மழை" என்பதை "மளை" என்றால் போதும், பாதிப் பேச்சிலேயே நிறுத்துவேன். ஆறு வயதுப் பிள்ளை, மெல்ல மெல்ல எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்ல ஆரம்பித்தாள். மனசு ரொம்பவே கனத்துப்போனது.

வகுப்பில் செய்வதையே வீட்டிலும் செய்து பார்த்தேன். பிழையைச் சுட்டாமல், சரியான வடிவத்தை என் பதிலில் வைத்துத் திருப்பிச் சொல்வது. "நேத்து நான் விளையாடுவேன்" என்பாள், "ஓ, நேத்து விளையாடினியா? யார்கூட?" என்பேன். அந்த "யார்கூட" முக்கியம், பேச்சு அறுந்துபோகாது. தூங்கும் முன் 15 நிமிடம், விளக்கை அணைத்துவிட்டு இப்படித்தான் பேசுகிறோம்.

மூன்று மாதமாயிற்று. ழகரம் இன்னும் வரவில்லை. ஆனால் நேற்று, தோழியோடு போட்ட சண்டையை முழுக்கத் தமிழிலேயே சொல்லி முடித்தாள்.